எல்லா டப்பாவிலும் லேபிள் ஒட்டிய அப்பா

அப்பா 93 வயதுவரை இருந்தார். அவர் போனபின் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பேசினார்கள். ‘தங்கமான மனுஷன்.’ ‘குடும்பம் குடும்பம்னே வாழ்ந்தவர்.’ ‘யாரையும் ஒரு வார்த்தை கடிஞ்சு பேசினதில்லை.’ கடைசியாகச் சொன்னதைக் கேட்டபோது மட்டும் நாங்கள் நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மற்றதெல்லாம் உண்மை. ஆனால் பெயரை மட்டும் மாற்றினால் அதையே வேறு யாருடைய அப்பாவுக்கும் சொல்லிவிடலாம்.

நினைவுக் கூட்டத்தில் பேசும் பொறுப்பு என்னிடம் வந்தது. கடைக்குட்டி, நன்றாக எழுதுவேன் என்று ஒரு பெயர் இருக்கிறது. பேரப்பிள்ளைகளுக்காக ஒரு சின்னப் புத்தகமும் போடலாம் என்றாள் அக்கா. சரி என்று உட்கார்ந்தால் எனக்கும் அதே ‘தங்கமான மனுஷன்’தான் வருகிறது.

இப்படிப்பட்டவர்களைப் பற்றி எழுதுவது ஏன் கஷ்டம் என்று அப்போதுதான் யோசித்தேன். அப்பா ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். சேர்ந்த இடத்திலேயே ஓய்வும் பெற்றார். விருது கிடையாது, மேடை கிடையாது. அவர் செய்த நல்லதெல்லாம் தினமும் செய்த காரியங்கள். நம் ஞாபகமோ, திரும்பத் திரும்ப நடப்பதைத் தனித்தனியாக வைத்துக்கொள்வதில்லை. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பொதுச் சித்திரமாக ஆக்கிவிடுகிறது. அதனால்தான் ‘அப்பாவைப் பத்தி ஒரு சம்பவம் சொல்லுங்க’ என்று கேட்டால் ஆட்கள் விழிக்கிறார்கள். ‘எதைச் சொல்ல, எவ்வளவோ இருக்கு’ என்று நழுவிவிடுகிறார்கள்.

கேள்வியை மாற்றினேன். ‘வேலையிலிருந்து வந்ததும் முதல்ல என்ன செய்வார்?’ ‘கோபம் வந்தா எப்படித் தெரியும்?’ ‘அவர் கையெழுத்துல உங்ககிட்ட ஏதாவது இருக்கா?’ ‘உங்களை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவார்?’ பிறகு நான் பேச வேண்டியதே இல்லாமல் போயிற்று.

அதில் கிடைத்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பழைய வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒருவர், இப்போது அவரே தாத்தா, சொன்னது. அவர் விடிகாலையில் எழுந்து திண்ணையில் படிப்பாராம். அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட் இருக்கும் வாரங்களில் அந்த நேரத்துக்குத்தான் சைக்கிளில் வருவார். தெருமுனையிலேயே இறங்கிவிடுவார். வாசலுக்கு வந்ததும் சீட்டைப் பிடித்துச் சைக்கிளின் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டே உள்ளே தள்ளிப் போவாராம். பின்சக்கரம் உருண்டால் ‘டிக் டிக்’ என்று சத்தம் வருமே, அது பிள்ளைகளை எழுப்பிவிடக் கூடாது என்று. ‘எட்டு மணி நேரம் நின்னு வேலை பார்த்துட்டு வர்ற மனுஷன், சைக்கிளைத் தூக்குறாரேன்னு பார்ப்பேன்’ என்றார்.

எங்கள் நால்வரில் ஒருவருக்கும் இது தெரியாது. எப்படித் தெரியும், தூங்கிக்கொண்டிருந்தோம். குடும்பத்துக்காக ஒருவர் செய்ததைக் குடும்பத்தினரிடம் மட்டும் கேட்டால் பாதிதான் கிடைக்கும். பக்கத்து வீட்டுக்காரர், கூட வேலை பார்த்தவர், முடி வெட்டிவிட்டவர், மாடியில் குடியிருந்தவர் என்று வெளியாட்களிடம் கேளுங்கள். அவர்களுக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது, ஆகவே முதலில் அவர்களிடம்.

வெளியாட்களை விட்டால் அவர் வாயாலேயே கேட்பது. நல்லவேளையாக, அப்பாவின் கடைசிச் சில வருஷங்களில் அவரைப் பேசவைத்து நிறையப் பதிவு செய்திருந்தேன். பெரியண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. ‘பழசையெல்லாம் கிளறாதே, வயசான காலத்துல நிம்மதியா இருக்கட்டும்’ என்றான். பெரியவர்கள் பழசையே பேசுவதை மூளை தளர்வதன் அறிகுறி என்று மருத்துவர்களே நினைத்த காலம் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963இல் ஒரு கட்டுரை எழுதி அதை மறுத்தார். முதுமையில் வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது இயல்பான, தேவையான ஒரு மனவேலை என்பது அவர் வாதம். எல்லாருக்கும் அது நிம்மதியாகவே முடியும் என்று அவர் சொல்லவில்லை, வருத்தத்திலும் கொண்டு விடலாம் என்றுதான் எழுதினார். அதனால் அண்ணன் சொன்னதிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது. அப்பாவிடமே கேட்டோம். ‘கேக்குறதுன்னா கேளு, ஆனா வெட்டியா அழக் கூடாது’ என்றார்.

எங்களைப் பற்றிக் கேட்டால் அவரிடம் பதில் பெயராது. ‘நல்லாத்தான் இருந்தீங்க’ என்பதோடு சரி. ஆனால் தொழிற்சாலையில் சேர்ந்த முதல் மாதத்தைப் பற்றிக் கேட்டபோது நிறுத்த முடியவில்லை. முதல் மேற்பார்வையாளரின் செருப்புச் சத்தம்வரை சொன்னார். இதற்கும் காரணம் இருக்கிறது. வயதானவர்களை வாழ்க்கை நினைவுகளைச் சொல்லச் சொன்னால், ஏறக்குறைய 10 முதல் 30 வயதுக்குள் நடந்தவைதான் அதிகமாக வருகின்றன என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முதல் வேலை, முதல் வீடு, கல்யாணம் எல்லாம் அந்தக் காலத்தில்தானே. ஆகவே அப்பாவின் கதையை நீங்கள் பிறந்த வருஷத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். அவர் பையனாக இருந்தபோதிலிருந்து ஆரம்பியுங்கள். உங்களிடம் வந்து சேர அவரே வழி கண்டுபிடிப்பார்.

வெறும் கேள்வியைவிடக் கையில் ஒரு பொருளைக் கொடுப்பது நல்லது. பழைய சாவிக்கொத்து ஒன்றைக் கொடுத்தேன். ஒவ்வொரு சாவியாகத் தடவிப் பார்த்து, இது எந்தப் பூட்டு, அந்தப் பூட்டு எந்த வீட்டில் இருந்தது, அந்த வீட்டை ஏன் காலி செய்தோம் என்று ஒரு முழுக் காலைப்பொழுது ஓடியது.

காது மந்தம் ஒரு பெரிய தடை. வயதால் வரும் காது மந்தத்தில் கீச்சென்ற உயர்ந்த ஒலிகள்தான் முதலில் போகின்றன. அதனால் சத்தம் கேட்கும், சொல் புரியாது. கத்துவதால் பயனில்லை, கத்தினால் குரல் இன்னும் உயரத்துக்குப் போகிறது. எதிரில் உட்கார்ந்து, நம் முகத்தில் வெளிச்சம் விழும்படி பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி நிதானமாகக் கேட்டால் போதும். வாயைப் பார்த்தே பாதியைப் பிடித்துவிடுவார்கள்.

கேள்வியில் பதிலைச் சொருகாமல் இருப்பது எனக்குக் கடினமாக இருந்த பழக்கம். ‘அப்போ ரொம்பக் கஷ்டமா இருந்திருக்குமே?’ என்று கேட்டால் ‘ஆமா, கஷ்டம்தான்’ என்று முடிந்துவிடும். ‘அப்போ எப்படி இருந்தது?’ என்றால் என்ன வரும் என்று சொல்ல முடியாது. உளவியல் ஆய்வாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் 1974இல் வெளியிட்ட சோதனை இதற்குப் பிரபலமான உதாரணம். ஒரே கார் விபத்துப் படத்தைப் பார்த்தவர்களிடம் கார்கள் ‘இடித்துக்கொண்டபோது’ என்ன வேகம் என்று சிலரிடமும், ‘மோதி நொறுங்கியபோது’ என்ன வேகம் என்று சிலரிடமும் கேட்டார்கள். நொறுங்கியதாகக் கேட்கப்பட்டவர்கள் வேகத்தைக் கூட்டிச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, படத்தில் இல்லாத உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னவர்களும் அந்தக் கூட்டத்தில்தான் அதிகம். கேட்கிறவர் நினைத்ததே சொல்கிறவர் ஞாபகமாக ஆகிவிடும் ஆபத்து உண்டு. அதுவும் அப்பாக்கள், பிள்ளைகளின் மனம் கோணக் கூடாது என்று தலையாட்டிவிடுவார்கள்.

பதிவுக்குக் கைபேசியே போதும். ஃப்ளைட் மோடில் போட்டு, மடித்த துணியின் மேல் வைத்தால் மேசை அதிர்வு ஏறாது. மின்விசிறியை நிறுத்துங்கள், முடியாவிட்டால் வேகத்தைக் குறையுங்கள். ஆரம்பத்தில் தேதியையும் யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் வாயால் சொல்லிவிடுங்கள். அவர் நடுவில் நிறுத்தினால் அந்த இடைவெளியை நிரப்பப் பாயாதீர்கள். அடுத்து வருவது அந்த மௌனத்துக்குப் பிறகுதான். ‘இதை எழுதாதே’ என்று அப்பா சொன்ன இடங்களும் உண்டு. எழுதவில்லை, அந்தப் பகுதிகளை அழித்தும் விட்டேன். அண்ணன்கள் என்னவென்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

உடன்பிறந்தவர்களிடம் கேட்கும்போது ஒரு எச்சரிக்கை. எல்லாரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசினால்தான் நிறைய ஞாபகம் வரும் என்று தோன்றும். ஆய்வுகள் சொல்வது நேர்மாறு. சேர்ந்து உட்கார்ந்து நினைவுகூரும் ஒரு குழு சொல்வதைவிட, அதே ஆட்கள் தனித்தனியாகச் சொன்னதைக் கூட்டினால் அதிகம் வருகிறது. ஒருவர் பேச ஆரம்பித்ததும் மற்றவர் பிடித்து வைத்திருந்த நூல் அறுந்துபோகிறது என்பது ஒரு விளக்கம். எங்கள் வீட்டில் அறிவியல் இல்லாமலே இது விளங்கும்: பெரியண்ணன் இருக்கும் இடத்தில் எல்லாச் சம்பவங்களும் அவன் பார்த்தபடிதான் நடந்திருக்கும். ஆகவே ஆளுக்கொரு தாள் கொடுத்துத் தனியாக எழுதி வாங்கினேன். கூடிப் பேசியது அதற்கப்புறம். இரண்டும் வேண்டும், வரிசைதான் முக்கியம்.

இனி புகைப்படங்கள். ஸ்டோர் கீப்பர் என்பதால் அப்பாவுக்கு லேபிள் ஒட்டாமல் தூக்கம் வராது. ஆணி டப்பா, வாஷர் டப்பா, ‘பயன்படக்கூடிய கயிறு’, ‘பயன்படாத கயிறு’ என்று தனித்தனி டப்பாக்கள். பயன்படாத கயிற்றை ஏன் வைத்திருந்தார் என்று கேட்கக் கூடாது. அப்படிப்பட்டவர் ஒரு போட்டோவின் பின்னாலும் ஒரு எழுத்து எழுதவில்லை! பெட்டி நிறையப் படங்கள், பாதிப் பேர் யாரென்று தெரியாது. அத்தைதான் எங்களுக்குக் கைகொடுத்தார். மூலப் படத்தை அவர் கையில் கொடுக்காமல் பெரிதாக அச்செடுத்து, ஒவ்வொரு முகத்துக்கும் எண் போட்டுக் கொடுத்தோம். ‘நாலாவது நம்பர் யாருன்னா...’ என்று ஆரம்பித்தால் அந்தக் கிளைக் குடும்பமே வெளியே வந்துவிடும்.

மூலப் படத்தின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் எழுதாதீர்கள். அழுத்தம் முன்பக்கம் தெரியும், மை அடுத்த படத்தில் ஒட்டும். மென்மையான பென்சிலால் ஓரத்தில் லேசாக எழுதலாம். பிளாஸ்டிக் தாளைத் தூக்கிப் படத்தை ஒட்டிவைக்கும் பழைய ஆல்பங்கள்தான் மோசமானவை. அந்தப் பசை நாளாக ஆகப் படத்தைக் கறைப்படுத்தும். பிய்த்து எடுக்கும் முன் பக்கத்தோடு சேர்த்துப் படமெடுத்துவிடுங்கள். கிழிந்தாலும் அது மிஞ்சும். சிறிய பழைய படங்களை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் பெரிதாக்க முடியும். பிறகு மூலங்களை வெளிச்சமும் ஈரமும் சூடும் படாத இடத்தில் வையுங்கள், அதாவது பரண் வேண்டாம்.

ஒரு கேசட்டும் கிடைத்தது. அக்கா சின்ன வயதில் பேச்சுப் போட்டிக்குப் பயிற்சி எடுத்ததை அப்பா பதிவு செய்திருக்கிறார். அதில் அவர் குரல் இரண்டே இடத்தில்தான். ஆரம்பத்தில் ‘ம், சொல்லு.’ முடிவில் ‘இன்னொரு தடவை.’ இப்படி ஏதாவது கிடைத்தால் போடுவதற்கு முன் கேசட்டின் மேல்விளிம்பில் உள்ள இரண்டு சின்னப் பிளாஸ்டிக் காதுகளையும் உடைத்துவிடுங்கள். தெரியாமல் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் அழியாது. கணினிக்கு மாற்றிய எல்லாவற்றுக்கும் மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறொரு வீட்டில் என்பது நல்ல கணக்கு. எங்களுடையது சின்னண்ணன் வீட்டில் இருக்கிறது. கடவுச்சொல் இரண்டு பேருக்காவது தெரிய வேண்டும்.

லேபிள் இல்லாமல் ஒரே ஒரு டப்பா இருந்தது. அதற்குள் கட்டுக் கட்டாக அஞ்சலட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு எண், சில எழுத்துகள், ‘நலம், நலமறிய ஆவல்’ என்று ஒரு வரி. சின்னண்ணன்தான் கண்டுபிடித்தான்: செஸ். வேறொரு ஊரில் இருந்த நண்பரோடு தபாலில் ஆடியிருக்கிறார். ஓர் அட்டைக்கு ஒரு நகர்வு. வருஷக்கணக்காக.

‘தனக்குன்னு எதுவுமே வச்சுக்கலை’ என்று எல்லாரும் சொன்னதை நான் பேச்சின் வரைவில் எழுதி வைத்திருந்தேன். அடித்துவிட்டேன். குடும்பத்துக்கு உழைத்தவருக்குத் தன் ஆசை என்று ஒன்றும் இருந்திருக்கக் கூடாது என்று நாமே ஏன் தீர்மானிக்கிறோம்? அது புகழ்ச்சி மாதிரி இருக்கிறது, ஆனால் ஆளைப் பாதியாக வெட்டிவிடுகிறது. அம்மாவிடம் கேட்டேன், செஸ் உனக்குத் தெரியுமா என்று. ‘தெரியாம என்ன. கார்டு வந்தா அன்னிக்கு அவர்கிட்ட எதுவும் கேக்க மாட்டேன். அது அவரோட நேரம்’ என்றாள்.

சைக்கிள் விஷயத்தையும் அப்போதுதான் அம்மாவிடம் சொன்னேன். உருகிப்போவாள் என்று எதிர்பார்த்தேன். ‘சரி, அவர் சத்தம் போடாம வந்தார். அப்புறம் பகல் பூரா அவர் தூங்கணும்னு நாலு பேரையும் வாயைத் திறக்கவிடாம வச்சிருந்தது யாரு?’ என்றாள். பேச்சில் அதையும் சேர்த்தேன். கூட்டத்தில் அதற்குத்தான் எல்லாரும் சிரித்தார்கள், அம்மா உட்பட. குடும்பத்தைத் தாங்கியவர் என்று ஒருவரைப் பற்றி எழுதும்போது, அவரைத் தாங்கியது யார் என்று அதே பக்கத்தில் எழுதிவிடுவது நியாயம். அவர் உயிரோடு இருந்தால் அவரையும் இப்போதே பதிவு செய்ய ஆரம்பியுங்கள்.

குறைகளை எழுதலாமா என்று எங்களுக்குள் விவாதம் வந்தது. ஸ்க்ரூடிரைவரை எடுத்த இடத்தில் வைக்காவிட்டால் அப்பா போடும் சத்தம் தெருவுக்குக் கேட்கும். இன்னும் மோசமானது, கோபம் முற்றினால் நாள்கணக்கில் பேசமாட்டார். இரண்டையும் எழுதினோம். அவை இருப்பதால்தான் மற்றவற்றைப் படிப்பவர் நம்புவார் என்பது என் எண்ணம். ஆனால் இன்னொருவரின் ஆறாத காயத்தைத் தொடும் ஒரு விஷயத்தை, சம்பந்தப்பட்டவர் வேண்டாம் என்றதும் விட்டுவிட்டோம். நினைவுப் புத்தகம் வழக்கு தீர்க்கும் இடமில்லை.

பேச்சைப் பற்றிச் சுருக்கமாக: பிறந்த தேதியில் ஆரம்பிக்காதீர்கள், ஒரு காட்சியில் ஆரம்பியுங்கள். மூன்று சம்பவங்கள் போதும். வாய்விட்டுப் படித்து நேரம் பாருங்கள், மனதுக்குள் படித்தால் கணக்குத் தப்பும். பெரிய எழுத்தில் அச்செடுத்து, இன்னொரு பிரதியை முன்வரிசையில் ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். தொண்டை அடைத்தால் அவர் தொடரட்டும்.

இந்த வேலை துக்கத்தை ஆற்றுமா என்று கேட்டால், எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் என்ற இரு ஆய்வாளர்கள் 1999இல் சொன்ன விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் பட்டது: இழப்பை நினைத்துக் கலங்குவதும், அதை ஒதுக்கிவிட்டு அன்றாட வேலைகளைப் பார்ப்பதும் மாறி மாறி வரும், அப்படி வருவதுதான் இயல்பு. எனக்கு ஸ்கேன் செய்வது ஓய்வாக இருந்தது. அக்காவால் அந்தப் பதிவுகளைக் கேட்கவே முடியவில்லை. கேள் என்று யாரும் வற்புறுத்தவில்லை. கோப்புகள் எங்கும் போய்விடாது.

புத்தகத்தில் பேரப்பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த பகுதி கேள்விப் பக்கம். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக உளவியலாளர்கள் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் இருவரும் ‘உனக்குத் தெரியுமா’ என்று 20 கேள்விகள் உருவாக்கியிருந்தார்கள். உன் பெற்றோர் எங்கே சந்தித்தார்கள், உன் பாட்டி தாத்தா எங்கே வளர்ந்தார்கள் என்பது போன்றவை. குடும்பக் கதை அதிகம் தெரிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும் கூடுதலாக இருந்ததைப் பார்த்தார்கள். பதில்களை மனப்பாடம் செய்வித்தால் பலன் வரும் என்று அர்த்தமில்லை, அவற்றைப் பேசிக்கொள்ளும் வீடாக இருப்பதுதான் விஷயம் என்று டியூக்கே விளக்கியிருக்கிறார். அதனால் எங்கள் புத்தகத்தில் கேள்விகள் மட்டும்தான் இருக்கின்றன. பதிலுக்குப் பெரியவர்களிடம் போக வேண்டும்.

கடைசியில் நாலு வெற்றுப் பக்கங்கள் விட்டிருக்கிறோம், திருத்தங்களுக்கு. முதல் திருத்தம் அச்சுக்குப் போகும் முன்பே வந்துவிட்டது. அப்பா ஒரு பதவி உயர்வை, இடமாற்றம் வரும் என்பதால் வேண்டாமென்று விட்டவர். பெரியண்ணன் தன் தாளில், தன்னுடைய பள்ளி இறுதித் தேர்வு கெடக் கூடாது என்றுதான் விட்டார் என்று எழுதியிருந்தான். அக்கா தன் தாளில், அப்போது தனக்கு உடம்பு சரியில்லாததால்தான் என்று எழுதியிருந்தாள். இருவரும் இத்தனை வருஷம் அதை மனதுக்குள் ஒரு கடனாக வைத்திருந்திருக்கிறார்கள். அப்பாவின் பதிவுகளில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அம்மாவிடம் போனோம். ‘அந்த ஊர் ஆபீசுல இருந்த மேனேஜரை அவருக்குப் பிடிக்காது’ என்றாள்.

மூன்றையும் அப்படியே ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிட்டிருக்கிறோம். அக்கா மட்டும் தன் பதிப்பு முதலில் வர வேண்டும் என்று கேட்டாள், கொடுத்தோம்.